கில்ட், பேக்பைப், இரண்டு மணி நேரம்: ஸ்காட்லாந்து மேடைக் குழுக்களின் பின்கதை

ஸ்காட்லாந்தின் பாட்டும் ஆட்டமும் என்று விளம்பரப்படுத்திக்கொண்டு ஊர் ஊராகப் போகும் மேடை நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டைப் பார்த்தவர்களுக்கு அதன் வரிசை மனப்பாடமாகியிருக்கும். விளக்கு அணையும், அரங்கின் பின்பக்கமிருந்து பேக்பைப் சத்தம் கிளம்பும், பைப்பர் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்துவந்து மேடை ஏறுவார். கட்டம்போட்ட டார்ட்டன் துணியில் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை கட்டிய நான்கைந்து பெண்கள் கைகளைத் தலைக்குமேல் வளைத்துக்கொண்டு துள்ளுவார்கள். ஒரு அக்கார்டியன்காரர், ஒரு ஃபிடில் (வயலின்) காரர், நடுநடுவே ஜோக் சொல்லிக்கொண்டே பாடுகிற ஒரு பாடகர். இடைவேளைக்கு முன்னாலோ பின்னாலோ வாள் நடனம். கடைசியில் எல்லோரும் எழுந்து கைகோத்து 'ஆல்ட் லாங் சைன்' பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கிளாஸ்கோவில் தொடங்கி டொராண்டோ, சிட்னி, நியூசிலாந்தின் டனீடின் வரைக்கும் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய இதே வரிசைதான்.

போஸ்டரில் 'பாரம்பரியம்' என்று போட்டுவிட்டால் எல்லாமே ஐந்நூறு, ஆயிரம் வருஷத்துப் பழசு என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த நிகழ்ச்சியின் உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்து வயது விசாரித்தால் வேடிக்கையாக இருக்கும். ஆதிகாலத்து ஒலியாகக் கேட்பவற்றில் பல நேற்றுப் பிறந்தவை. நிஜமாகவே பழையவையோ பெரும்பாலும் இந்த மேடைக்கு வருவதே இல்லை. ஏமாற்று வேலை என்று இதைச் சொல்பவர்கள் ஸ்காட்லாந்திலேயே நிறையப் பேர் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. சுற்றுப்பயண மேடைக்கென்று ஒரு தேவை இருந்தது, அந்தத் தேவைதான் நாம் இன்று ஸ்காட்லாந்துப் பாரம்பரியம் என்று அடையாளம் காண்பதில் பாதியைச் செய்துகொடுத்தது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் பாட்டுகள். 'ஸ்காட்லண்ட் தி பிரேவ்' இல்லாமல் இப்படி ஒரு நிகழ்ச்சி நடக்காது, அதைக் கேட்டாலே மலைப்பள்ளத்தாக்கில் ஒரு படை இறங்கி வருவதுபோலத் தோன்றும். அதற்கு இன்று பாடப்படும் வரிகளை எழுதியவர் கிளிஃப் ஹான்லி என்ற கிளாஸ்கோ பத்திரிகையாளர். காலம் சுமார் 1950. ராபர்ட் வில்சன் என்ற பாடகர் ஒரு மேடை நிகழ்ச்சியில் பாடுவதற்காக எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான் அதன் பழமை. 'ஸ்கை போட் சாங்' 1746இல் பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிப் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் படகில் தப்பிப் போனதைப் பற்றியது. வரிகள் அச்சானது 1884இல், எழுதிய ஹரால்ட் போல்டன் ஓர் ஆங்கிலேயர். கல்யாணம், கருமாதி, ராணுவ அணிவகுப்பு என்று எங்கும் ஒலிக்கிற 'ஹைலண்ட் கதீட்ரல்' 1982இல் உல்ரிச் ரோவர், மைக்கேல் கோர்ப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் போட்ட மெட்டு. 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் டிரோல்' கதை இன்னும் சுவாரசியம். ரோசினியின் 'வில்லியம் டெல்' ஆப்பெராவிலிருந்த (1829) ஒரு மெட்டை, கிரிமியப் போர்க்களத்தில் சார்டினிய ராணுவ பேண்டு வாசிக்கக் கேட்ட ஜான் மெக்லவுட் என்ற பைப் மேஜர் (படையின் பைப்பர்களுக்குத் தலைவர்) தன் பேக்பைப்புக்கு மாற்றிக்கொண்டார். நூறு வருஷம் கழித்து ஆண்டி ஸ்டூவர்ட் அதற்கு வரிகள் எழுதி, இறந்துகொண்டிருக்கும் ஸ்காட்லாந்துப் படைவீரனின் பாட்டாக 1960களின் தொடக்கத்தில் பெரிய ஹிட் ஆக்கினார். இத்தாலிய ஆப்பெரா, ஆஸ்திரிய மலை, ரஷ்யாவோடு போர். கேட்கிறவருக்குத் தெரிவது ஸ்காட்லாந்து மட்டும்.

இந்தப் பட்டியலில் கொஞ்சம் வயதானது 'ஆல்ட் லாங் சைன்'தான். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் அதை ஒரு பாடல் தொகுப்புக்கு அனுப்பியபோது ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாகச் சொன்னார். எவ்வளவு கேட்டது, எவ்வளவு அவருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நாம் இன்று பாடும் மெட்டு பர்ன்ஸ் இறந்தபிறகு, 1799இல் ஜார்ஜ் தாம்சன் என்ற பதிப்பாளர் சேர்த்தது.

உடைக்கு வருவோம். 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில், இளவரசர் சார்லஸுக்காகப் போரிட்ட ஹைலண்ட் (வடக்கு, மேற்கு மலைப்பகுதி) படைகள் தோற்றபிறகு பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டத்தால் ஹைலண்ட் ஆண்கள் கில்ட்டும் டார்ட்டனும் அணிவது குற்றமானது. 1782 வரை அந்தத் தடை இருந்தது. விதிவிலக்கு ராணுவத்துக்கு மட்டும், அதனால் தடைக்காலம் முழுக்க அந்த உடையைத் தொடர்ந்து உடுத்தியவர்கள் பிரிட்டிஷ் அரசின் ஹைலண்ட் ரெஜிமெண்ட்டுகள்தான். மேடையில் இன்றும் பைப்பரின் உடை ஏன் ராணுவச் சீருடை மாதிரி இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்புறம் 1822. நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வருகிறார், ஏறக்குறைய 170 வருஷத்தில் ஸ்காட்லாந்துக்கு வந்த முதல் ஆளும் மன்னர். வரவேற்பை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். ஹைலண்ட் உடையில் வரச்சொல்லி எல்லோருக்கும் அறிவிப்புப் போக, அதுவரை ஹைலண்ட்காரர்களைத் திருடர்கள் என்று திட்டிக்கொண்டிருந்த லோலண்ட் (தெற்குச் சமவெளி) கனவான்களெல்லாம் தையல்காரரிடம் ஓடினார்கள். மன்னரே 1,300 பவுண்டுக்குமேல் செலவழித்துக் கில்ட் தைத்து, உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு காட்சி கொடுத்தார். பேனக்பர்னில் இருந்த வில்சன்ஸ் என்ற நெசவு நிறுவனத்துக்கு ஆர்டர்கள் குவிந்தன. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற கணக்கு பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் இறுகியது. ஒரு முழு நாட்டையும் ஒரு மேடை நிகழ்ச்சியாக உடுத்திவிட்ட ஆள் ஸ்காட் என்றுதான் எனக்குத் தோன்றும். அதே காலத்தில்தான் சதர்லண்டில் ஆட்டுப்பண்ணை போடுவதற்காகக் குடியானவர்களை வீட்டோடு கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஹைலண்ட் உடை எடின்பரோவில் மேடை ஏறிய அதே ஆண்டுகளில் ஹைலண்ட் மக்கள் கப்பல் ஏறினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பின்னால் வந்த சுற்றுப்பயண நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் அந்த நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

சுற்றுப்பயணம் என்ற அச்சு எப்போது விழுந்தது? ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) என்ற ஃபிடில்காரர், 'ஸ்டிராத்ஸ்பே ராஜா' (ஸ்டிராத்ஸ்பே ஒரு நடன மெட்டு வகை) என்ற பட்டத்தோடு திரிந்தவர், 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார். கூடப் போனவர் பைப்பரும் நடனக்காரருமான வில்லி மெக்லெனன். ஃபிடில், பேக்பைப், நடனம், கில்ட், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள்: முழு சூத்திரமும் அங்கேயே இருக்கிறது. ஸ்கின்னர் கெட்டிக்கார இசைக்கலைஞர், அவருடைய மெட்டுகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஆனால் இந்த வியாபாரத்தை உலகளவில் நடத்திக் காட்டியவர் ஹாரி லாடர்.

லாடரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லலாம், தகும். எடின்பரோவை ஒட்டிய போர்ட்டோபெல்லோவில் 1870இல் பிறந்தவர், ஆளிநார் ஆலையில் வேலை பார்த்த சிறுவன், பிறகு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஹைலண்டுக்கும் அவருக்கும் பெரிதாக ஒரு சம்பந்தமும் கிடையாது. மேடையில் கில்ட், வளைந்து நெளிந்த கைத்தடி, கஞ்சத்தன ஜோக்குகள், நடுவில் கண்ணீர் வரவழைக்கும் ஒரு காதல் பாட்டு. அமெரிக்காவுக்கு மட்டும் 22 முறை சுற்றுப்பயணம் போனார், அங்கே அவருக்கென்று தனி ரயில் ஓடியது. ஒரு காலகட்டத்தில் உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய மேடைக் கலைஞர்களில் ஒருவர். 1916 டிசம்பர் கடைசியில் ஒரே மகன் பிரான்ஸ் போர்முனையில் இறந்தான்; சில நாட்களிலேயே லண்டன் மேடைக்குத் திரும்பினார், படை திரட்டவும் நிதி திரட்டவும் பாடினார், 1919இல் சர் பட்டம் கிடைத்தது. கவிஞர் ஹ்யூ மெக்டியார்மிட் போன்றவர்களுக்கு லாடர் என்றாலே ஆகாது, ஸ்காட்லாந்துக்காரன் என்றால் கோமாளி என்று உலகத்துக்குக் காட்டிவிட்டார் என்ற கோபம். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒன்ராறியோவில் மரம் அறுக்கிற ஒரு தொழிலாளிக்கு மெக்டியார்மிட்டின் கவிதை போய்ச் சேர்ந்திருக்காது, லாடரின் இசைத்தட்டு போய்ச் சேர்ந்தது.

லாடர் விட்ட இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. 'வொயிட் ஹெதர் கிளப்' என்று பிபிசி 1958 முதல் 1968 வரை நடத்திய நிகழ்ச்சி, பண்ணைக் கொட்டகை மாதிரி ஒரு செட்டில், கில்ட் போட்ட ஆண்களும் வெள்ளை கவுனில் டார்ட்டன் பட்டை அணிந்த பெண்களும் ஆட, முதலில் ராபர்ட் வில்சனும் பிறகு ஆண்டி ஸ்டூவர்ட்டும் தொகுத்தார்கள். உச்சத்தில் ஒரு கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். அதில் முகம் தெரிந்துவிட்டால் போதும், கோடையில் ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊர்களிலும் பிறகு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் அதே பெயரைச் சொல்லி மேடை போடலாம். பலர் போட்டார்கள். நிகழ்ச்சி நின்றபிறகும் வருஷக்கணக்கில் அந்தப் பெயருக்கு டிக்கெட் விற்றது.

இந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஜிம்மி ஷாண்ட் (1908–2000). ஃபைஃப் பகுதிச் சுரங்கத் தொழிலாளி, 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் வாசித்தவர், அதன்பிறகு சுரங்கத்தில் வேலை கிடைக்காமல் இசைக்குள் வந்து சேர்ந்தார். முதல்முறை பிபிசி தேர்வுக்குப் போனபோது காலால் தாளம் தட்டிக்கொண்டே வாசித்தார் என்று நிராகரித்துவிட்டார்களாம். நடனத்துக்கு வாசிக்கிறவன் காலைத் தட்டாமல் எதைத் தட்டுவான் என்று எனக்குப் புரியவில்லை. 1955இல் அவர் வாசித்த 'புளூபெல் போல்கா' பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதைத் தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின், பின்னாளில் பீட்டில்ஸைப் பதிவுசெய்த அதே ஆள். சிரிக்காத முகம், பேசாத வாய், ஆனால் தாளம் கடிகாரம்போல நிற்கும். ஹோனர் நிறுவனம் அவர் சொன்னபடி ஒரு பட்டன் அக்கார்டியனையே செய்து அவர் பெயரில் விற்றது. அக்கார்டியன், ஃபிடில், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று இன்று நாம் 'பாரம்பரிய' ஸ்காட்லாந்து நடன பேண்டு என்று பார்க்கும் அமைப்பு ஷாண்டின் தலைமுறையில், வானொலியையும் இசைத்தட்டையும் ஒட்டி நிலைபெற்றதுதான். அக்கார்டியனே 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன், ஆஸ்திரியப் பக்கமிருந்து வந்த கருவி. அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஃபிடில்தான் இருந்தது; டன்கெல்ட் பக்கத்து நீல் கௌ (1727–1807) காலத்தில் ஒரு ஃபிடில், கூட ஒரு செல்லோ இருந்தால் ஊரே ஆடும்.

இனி நடனம். மேடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஹைலண்ட் நடனம்: ஃபிளிங், வாள் நடனம், ஷான் ட்ரூஸ், ரீல். ஃபிளிங்கைக் கேடயத்தின்மேல் நின்று ஆடினார்கள், தூக்கிய கைகள் கலைமானின் கொம்பு, வாள் நடனத்தை 11ஆம் நூற்றாண்டில் மால்கம் மன்னர் எதிரியைக் கொன்றுவிட்டு ஆடினார் என்றெல்லாம் தொகுப்பாளர் சொல்வார். ரசித்துக் கேளுங்கள், ஆதாரம் மட்டும் கேட்காதீர்கள். நமக்குத் தெரிந்த வடிவம் 19ஆம் நூற்றாண்டின் ஹைலண்ட் விளையாட்டுப் போட்டிகளில் உருப்பெற்றது. விக்டோரியா மகாராணி 1848இல் பிரேமார் விழாவுக்கு வந்தபிறகு அந்தப் போட்டிகளுக்கு மவுசு ஏறியது. ஆடியவர்கள் ஆண்கள், பெரும்பாலும் பைப்பர்களும் படைவீரர்களும். பெண்கள் போட்டியில் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். இன்று பத்தில் ஒன்பது ஆட்டக்காரர்கள் பெண்கள் என்று சொல்லிவிடலாம்போல இருக்கிறது மேடையைப் பார்த்தால். 1950இல் ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைத்து, காலை எந்தக் கோணத்தில் எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதுவரை எழுதிவைத்துவிட்டார்கள். டனூனில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் கவல் போட்டியில்தான் உலகப் பட்டம்.

மேடைக்கு இந்த நடனம் வரும்போது ஒரு சிக்கல். போட்டியில் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடினாலும் ஒவ்வொருவரும் தனித்தனிதான், நின்ற இடத்தைவிட்டு நகரவே தேவையில்லை. அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கு அது ஐந்து நிமிஷத்தில் சலித்துவிடும். அதனால் வரிசை மாற்றுவது, வட்டம் போடுவது, இரண்டு பேர் எதிரெதிரே வருவது என்று ஒரு நடன அமைப்பைப் புதிதாகக் கட்டுகிறார்கள். வாள் நடனத்திலும் அப்படித்தான். போட்டியில் காலால் வாளை நகர்த்திவிட்டால் ஆட்டம் இழந்தீர்கள், மேடையில் பார்வையாளர் ஓவென்று கத்திவிட்டு இன்னும் பலமாகக் கைதட்டுவார்.

ஜோடி ஜோடியாக ஆடும் 'கண்ட்ரி டான்ஸ்' வேறு சமாச்சாரம். ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் 1923இல் கிளாஸ்கோவில் அதற்கென்று ஒரு சங்கம் தொடங்கி, பழைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து நடனங்களை மீட்டு அச்சிட்டார்கள். மீட்டது மட்டுமல்லாமல் நாகரிகப்படுத்தியும் விட்டார்கள், கூச்சலும் வியர்வையும் கொஞ்சம் குறைந்தது. இதில் ஒரு நடனத்தின் பிறப்பு மட்டும் மறக்க முடியாதது. 1940 ஜூனில் பிரான்சின் கடற்கரையில் 51ஆவது ஹைலண்ட் டிவிஷன் ஜெர்மானியரிடம் சரணடைந்தது. போர்க்கைதி முகாமுக்குள் இருந்த அதிகாரிகள் சிலர் புதிதாக ஒரு ரீல் நடனம் அமைத்தார்கள், நடுவில் ஆட்டக்காரர்கள் கைகோத்து நிற்கும்போது ஸ்காட்லாந்துக் கொடியின் பெருக்கல்குறிச் சிலுவை உருவாகும். காவலில் இருந்தவர்கள் ஆட்டம்தானே என்று விட்டிருப்பார்கள். எண்பது வருஷமாகியும் உலகமெங்கும் அதை ஆடுகிறார்கள். யார் எப்போது ஏன் செய்தார்கள் என்று தெரிந்த நடனம்கூடப் பாரம்பரியமாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பேக்பைப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் பைப்பர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஒன்பதே சுரம், சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நிறுத்தி நிறுத்தி வாசிக்கவும் முடியாது. காற்று போய்க்கொண்டே இருக்கும். ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால்கூட நடுவில் ஒரு குட்டி அலங்காரச் சுரத்தைச் செருகித்தான் பிரிக்க வேண்டும். திறந்தவெளிக்கென்று செய்த கருவி, அரங்குக்குள் வந்தால் பக்கத்தில் ஃபிடில் வாசிப்பவரின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். போதாததற்குச் சுருதி வேறு ஒத்துப்போகாது. பைப்பர் 'ஏ' என்று சொல்லும் சுரம் மற்ற கருவிகளின் 'பி ஃபிளாட்'டையும் தாண்டி 470, 480 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதனால் சுற்றுப்பயணக் குழுக்கள் ஒரு வழியாகப் பைப்பரைத் தனியாக நுழைத்துத் தனியாக வெளியே அனுப்பிவிடுகிறார்கள், அந்த நாடகத்தனமான ஆரம்ப நடைக்கு இதுவும் ஒரு காரணம். இல்லையென்றால் சுருதியைக் கீழே இறக்கிச் செய்த குழலை வாங்குகிறார்கள். 1980களுக்குப் பிறகு மூன்றாவது வழி ஒன்று பிறந்தது. வழக்கொழிந்துபோயிருந்த சிறிய பைப்களை, வாயால் ஊதாமல் கைக்கு அடியில் துருத்தி வைத்துக் காற்றடிக்கும் வகைகளை, மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். சத்தம் மிதம், ஃபிடிலோடு பாந்தமாகச் சேரும்.

மரம் எங்கிருந்து வருகிறது என்றால் தான்சானியா, மொசாம்பிக். ஆப்பிரிக்கக் கருமரம்தான் இன்று நல்ல பைப்களுக்கு. பழைய பைப்களில் குழல்களின் முனைகளுக்கு யானைத் தந்தத்தில் பூண் போட்டிருப்பார்கள், இதுதான் சுற்றுப்பயணக்காரர்களுக்குத் தலைவலி. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி தந்தம் உள்ள கருவிக்குச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அமெரிக்க எல்லையில் பைப்களைப் பறித்துவைத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. 2017இல் கருமரத்தையும் பட்டியலில் சேர்த்தபோது ஊரே கலங்கியது, 2019இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தபிறகுதான் மூச்சுவிட்டார்கள்.

சரி, மேடைக்கு வராதவை என்ன? முதலாவது, பைப்பர்களே தங்கள் கலையின் சிகரம் என்று சொல்லும் பீபரக். ஒரு மெதுவான மூலமெட்டு, அதைப் படிப்படியாக அலங்கரித்துக்கொண்டே போய்க் கடைசியில் மூலத்துக்கே திரும்புவது. ஒரு உருப்படிக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். நம் சொற்கட்டு மாதிரி, வாயால் சொல்லும் அசைகளிலேயே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வந்த இசை. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பதினைந்து நிமிஷத்தை இதற்குக் கொடுக்க எந்த முதலாளிக்கும் துணிச்சல் வராது. அப்புறம் மேற்குத் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நெய்த கம்பளித் துணியை அடித்து இறுக்கும்போது பாடிய, ஹைலண்டின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள வேலை நேரப் பாட்டுகள். பக்கவாத்தியமே இல்லாமல் இருபது முப்பது கண்ணி பாடும் கதைப்பாடல்கள், இவற்றை நினைவில் காப்பாற்றிவைத்திருந்தவர்களில் நாடோடி சமூகத்தவர் முக்கியமானவர்கள். 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளி தொடங்கியது, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஹாமிஷ் ஹெண்டர்சன் டேப் ரிகார்டரோடு கிளம்பினார், அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற மகத்தான பாடகியை 1953இல் வெளியுலகத்துக்குக் காட்டினார். வொயிட் ஹெதர் கிளப் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இந்த இன்னொரு ஓடையும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் அதிகம் சந்தித்துக்கொள்ளவில்லை.

சந்திக்கவைத்தது ஒரு நாடகம், அதுவும் ஊர் சுற்றிய நாடகம். 1973இல் ஜான் மெக்ராத் எழுதி 7:84 என்ற குழு கொண்டுபோன 'தி செவியட், தி ஸ்டாக் அண்ட் தி பிளாக், பிளாக் ஆயில்' (செவியட் ஆடு, கலைமான், கறுப்பு எண்ணெய்). குழுவின் பெயரே ஒரு புள்ளிவிவரம்: நாட்டின் 84 சதவீதச் செல்வம் 7 சதவீதம் பேரிடம். ஜான் பர்ன் என்ற ஓவியர் பெரிய புத்தகம் ஒன்றைச் செட்டாகச் செய்துகொடுத்தார், பக்கத்தைத் திருப்பினால் காட்சி மாறும். வேனில் ஏற்றிக்கொண்டு ஹைலண்ட் கிராமக் கூடங்களுக்குப் போனார்கள். பாட்டு, ஃபிடில், ஜோக், கேலிக் மொழிப் பாடகி, முடிந்ததும் ஊரோடு சேர்ந்து நடனம். வடிவம் அப்படியே அந்தப் பழைய கேளிக்கை நிகழ்ச்சியினுடையது. சொன்ன கதை மட்டும் வேறு. ஆட்டுக்காக மக்களை விரட்டியது, பிறகு மான் வேட்டைக்காக நிலத்தை வளைத்தது, இப்போது வடகடல் எண்ணெய்க்காக வரப்போகிறவர்கள். வெளியேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் உட்கார்ந்திருந்த கூடங்களில் அது எப்படி இறங்கியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கில்ட்டையும் நகைச்சுவைப் பாட்டையும் பழிப்பதற்குப் பதில் அதையே கருவியாக எடுத்துக்கொண்டது அவர்களுடைய புத்திசாலித்தனம்.

1994இல் டப்ளினில் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிஷம் வந்து போன 'ரிவர்டான்ஸ்' அயர்லாந்து நடனத்தை உலக வியாபாரம் ஆக்கியபிறகு, ஸ்காட்லாந்துப் பக்கத்திலும் அதே அளவில் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு வந்தது. அந்த உயரத்தை எந்த நிகழ்ச்சியும் தொடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஹைலண்ட் நடனத்தில் செருப்பு மிருது, சத்தம் வராது. முப்பது பேர் ஒரே நேரத்தில் தரையை உதைக்கும் அந்த இடிமுழக்கம் இதில் கிடைக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். 2002இல் உருவான 'ரெட் ஹாட் சில்லி பைப்பர்ஸ்' ராக் பாட்டுகளைப் பேக்பைப்பில் வாசித்து வேறு வழியில் போனார்கள், இன்னும் உலகம் சுற்றுகிறார்கள். எடின்பரோ ராணுவ டாட்டூவோ, 1950 முதல் கோட்டை வாசலில் நடக்கிற ராணுவ இசை அணிவகுப்பு விழா, கோட்டையையே கூடக் கொண்டுபோக முடிவுசெய்தது. 2000இல் வெலிங்டன், 2005இல் சிட்னி, 2016இல் மெல்போர்ன் என்று போனபோது கோட்டை முகப்பைச் செட் போட்டு நிறுத்தினார்கள்.

காலால் சத்தமெழுப்பும் நடனம் ஸ்காட்லாந்துக்கு இல்லாமல் போய்விடவும் இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கேப் பிரெட்டன் தீவுக்குப் போய்ச் சேர்ந்த ஹைலண்ட் குடும்பங்கள் சமையலறைத் தரையில், ஃபிடிலுக்குத் தகுந்தபடி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாதத்தைத் தரையோடு ஒட்டி ஆடும் ஒரு நடனத்தை வைத்திருந்தார்கள். 1990களில் அங்கிருந்து ஆசிரியர்கள் வந்து ஸ்காட்லாந்தின் மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளில் அதைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். இது இங்கிருந்து போனதேதான் என்கிறார்கள் சிலர், அங்கே போனபிறகு அயர்லாந்துக்காரர்களிடமும் மற்றவர்களிடமும் கலந்து உருவானது என்கிறார்கள் சிலர், சண்டை நடக்கிறது. அதற்குள் இளம் ஆட்டக்காரர்கள் இரண்டையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 1981இல் பார்ரா தீவில் தொடங்கிய குழந்தைகளுக்கான கேலிக் கலை முகாம்கள், 1996இல் கிளாஸ்கோவில் வந்த ஸ்காட்லாந்து இசைக்கான பட்டப்படிப்பு, 2000இல் பிளாக்டன் என்ற மேற்குக்கரை ஊரின் பள்ளியில் வந்த இசைப் பயிற்சி மையம் எல்லாமாகச் சேர்ந்து, பீபரக்கும் தெரிந்த, ஷாண்டின் மெட்டும் தெரிந்த, ஒலிபெருக்கியோடும் சமாளிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியிருக்கின்றன. இவர்கள் வந்தபிறகு பெரிய அரங்குகளில் நிகழ்ச்சி வரிசை கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் காணலாம். கேலிக் பாட்டு ஒன்று முழுதாக வருகிறது, சிறிய பைப் ஃபிடிலோடு உட்கார்கிறது.

உங்கள் ஊருக்கு இப்படி ஒரு குழு வந்தால், டிக்கெட் வாங்குமுன் போஸ்டரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கோட்டை, மூடுபனி, கலைமான் எல்லாம் இருந்து வாசிப்பவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் லாடரின் வாரிசுகள் வருகிறார்கள், ஜாலியாகப் போய்வரலாம். ஃபிடில்காரர் பெயரும் பாடகி பெயரும் எந்தத் தீவு எந்த ஊர் என்பதோடு போட்டிருந்தால் முன்வரிசையில் இடம் கேளுங்கள், பைப்பருக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி.